அட்டையின் கடைசி வரி

அந்த அட்டை ஒரு பள்ளிச் சிலேட்டைவிடச் சற்றுச் சிறியது. இருபுறமும் பிளாஸ்டிக் உறை போட்டு, மூலைகள் மழுங்கி, மேல் விளிம்பின் நடுவில் ஒரு துளையும் அந்தத் துளையில் கோத்த சிவப்புக் கயிறும் கொண்டது. மலேசியாவின் ஈப்போ நகரில் நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், பக்கத்தில் வைத்துப் படிக்கும் பார்வையைச் சோதிக்கும்போது, அங்கே கண் பார்க்கும் அக்கா அதை எடுப்பார். கயிற்றின் முனையிலிருந்த முடிச்சை எதிரே இருப்பவரின் கன்னத்து எலும்பில் வைக்கச் சொல்லி, கயிறு விறைக்கும் வரை அட்டையை மெல்ல விலக்குவார். மனிதர்கள் நாளிதழ் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்ப்பதும் அந்தத் தூரத்தில்தான். அட்டையில் ஐந்து வரிகள் இருந்தன. முதல் வரியை அறைக்கு வெளியே நின்றும் படித்துவிடலாம். கடைசி வரி எறும்புச் சாரை போலிருக்கும். “படிங்க,” என்பார் அக்கா. அடுத்த மூச்சிலேயே, யாராக இருந்தாலும், “இது பரீட்சை இல்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க,” என்பார்.

அந்த ஐந்து வரிகளையும் எழுதியவள் நான். இன்று பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். எப்படி இந்தப் பக்கம் வந்தாய் என்று யாராவது கேட்டால், படித்த புத்தகங்களைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது அந்த அட்டைதான். அதைச் சொல்லத் தொடங்கினால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவைப் பற்றிப் பேச எனக்கு எளிதில் வாய் வருவதில்லை.

பள்ளியின் கடைசித் தேர்வான ஆறாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் அந்தக் கடையில் சேர்ந்தேன். எங்கள் வீடு பத்து காஜாவை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமானபோது வெளியேறி வந்தவர்கள். அப்பா லாரி ஓட்டினார். அம்மா ஒரு பள்ளியின் கேண்டீனில் சமைத்தார். வெயில் படாத அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை எதுவானாலும் அது நல்ல வேலைதான் என்பது இருவருக்கும் இருந்த ஒரே கருத்து. கடை முதலாளி தமிழ் முஸ்லிம். கைக்கடிகாரமும் கண்ணாடியுமாக அவருடைய வாப்பா நடைபாதையில் தொடங்கிய வியாபாரத்தை ஒரு கடையாக நிறுத்தியவர். உரத்துப் பேசுவார், ஆனால் கொடுத்த சொல்லை மாற்றமாட்டார், அடுத்தவர் மாற்றுவதையும் விரும்பமாட்டார்.

கண் சோதிக்கும் அறை அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். வாடிக்கையாளர்கள் “டாக்டரம்மா” என்று கூப்பிட்டால், “டாக்டர் இல்ல லா, கண்ணாடிக்காரி,” என்று திருத்துவார். சுங்காய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இதே கடையில் கண்ணாடி துடைக்கும் பெண்ணாகச் சேர்ந்தவர். முதலாளிதான் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அதற்கு ஈடாக அக்கா கொடுத்த வாக்கு ஒன்றுதான்: தமிழில் பேசிக் கண் சோதிக்க இன்னொரு ஆள் தயாராகும் வரை கடையை விட்டுப் போவதில்லை. வாக்குக் கொடுத்தபோது போகும் எண்ணம் அவருக்கு இல்லை. பிறகு வந்தது. சுங்காயில் சொந்தமாக ஒரு கண்ணாடிக் கடை போட வேண்டும் என்பது அந்த எண்ணம். அந்த ஊரின் வயதானவர்கள் கண்ணாடிக்காக ஈப்போவுக்குப் பேருந்து ஏறி வருவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில், கதவு இழுத்து மூடிக் கிடந்த ஒரு கடையை அவர் மனத்தில் வைத்திருந்தார். எங்கள் வேன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அங்கே வேகம் குறையும். “பாத்துக்க, என் கடை,” என்பார். பலகை பச்சை நிறத்தில் இருக்க வேண்டும் என்பது வரை முடிவாகியிருந்தது.

நான் சேர்ந்த சில மாதங்களில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “புள்ள, கை சுத்தமா இருக்கு, வாய் அளவா இருக்கு. ஒன்னையும் படிக்க வைக்கிறேன். அவ கடை போடப் போவட்டும். நீ அந்த நாக்காலில உக்காரு,” என்றார். அக்கா அறைக்கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஒரே ஏற்பாட்டில் இத்தனை பேருக்கு மகிழ்ச்சி கிடைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். அல்லது, மகிழ்ச்சியாக இருப்பவர்கள் சொல்லும் சொற்களைத் தடுமாறாமல் சொன்னேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் நானும் கடை வேனில் பழைய தோட்டப் பகுதிகளுக்குப் போவோம். ரப்பர் மரங்கள் போய்விட்டன, தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் போய்விட்டன, ஆனால் செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் அங்கேயே நிற்கும். வெளியேறிப் போனவர்கள் ஞாயிறன்று அந்தக் கோயிலுக்குத் திரும்பி வருவார்கள். கோயில் மண்டபத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் கண் சோதிப்போம். அட்டைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சடித்தே கிடைத்தன. தமிழுக்கு ஒன்றும் இல்லாததால், கோயில்களில் தினமும் பாடும் ஒரு துதிப்பாட்டை அக்கா பல அளவுகளில் நகலெடுத்து ஓர் அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். பல ஆண்டுகள் அதுவே போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, ஓய்வுபெற்ற ரப்பர் பால்மரத் தொழிலாளி ஒருவர் போன மாதம் வாங்கிய கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். “இதப் போட்டா பேப்பர்ல ஒரு எழுத்து தெரியல லா. கண்ணாடியா, சும்மா கிளாஸா?” என்று சண்டைக்கு நின்றார். அக்கா அவரை மறுபடி உட்கார வைத்தார். வில்லைகளை மாற்றிப் போடும் கனத்த வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் ஏற்றி, முன்பு கொடுத்த அதே வில்லையைப் போட்டு, அட்டையைக் காட்டினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ராகத்தோடு படித்தார். அக்கா அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, “இன்னொரு தடவ,” என்றார். அவர் மறுபடியும் ஒரு சொல் பிசகாமல் படித்தார். வரிசையில் நின்றவர்களிடம் சிரிப்பு கிளம்பியது. “பெரியவரே, அட்ட தலைகீழா இருக்கு!” என்று யாரோ கத்த, “தலைகீழா இருந்தா சாமி பாட்டு மாறிடுமாடா?” என்று அவர் திருப்பிக் கத்தினார்.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்த அக்கா, திரும்பும் வழி முழுவதும் சிரிக்கவில்லை. “எத்தன பேருக்கு இப்படித் தப்பாக் குடுத்தேனோ,” என்று மட்டும் சொன்னார். கடையை நெருங்கும்போது என் பக்கம் திரும்பி, “நீதான் எப்பப் பாத்தாலும் எதையாவது படிச்சிக்கிட்டு இருக்கியே. யாருக்கும் மனப்பாடமா இல்லாத அஞ்சு வரி எழுதிக் குடு. ஆனா எல்லாருக்கும் புரியணும். அடுத்த சொல்லு என்னன்னு ஊகிக்க முடியக் கூடாது,” என்றார்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. உட்கார்ந்து எழுதியபோதுதான் தெரிந்தது, நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் எங்கோ கேட்டதாக இருந்தது. ‘காலையில் சூரியன்’ என்று தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடலாம். ‘அம்மா அன்பாக’ என்றால் அடுத்த சொல் தானாக வந்து நிற்கும். அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளினார். “இது வேணாம், பாதியிலயே முடிச்சிடுவாங்க.” “இது மேடைப் பேச்சு.” ஒரு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியவேண்டும் என்ற அந்த நிபந்தனையை விடக் கடினமான ஒன்றை எந்த வகுப்பறையிலும் எனக்கு இன்னும் யாரும் விதிக்கவில்லை. இரண்டு வாரங்கள் தாள் தாளாகக் கிழித்த பிறகு நின்றவை இவை:

வாசலில் ஒரு நாற்காலி இருந்தது.
சந்தையில் இன்று நெத்திலி வரவில்லை.
பக்கத்து வீட்டுச் சேவல் எங்கள் கூரையில் நின்றது.
அவள் குடையோடு சாலைக்கு வந்தாள்.
பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை.

அக்கா கடைசி வரியை இரண்டு முறை படித்தார். “ஏன் ஏறல?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். “எழுதுனவளுக்கே தெரியாதா? அப்ப யாரும் ஊகிக்க முடியாது. போலே லா, இது போதும்,” என்று அச்சுக்கு அனுப்பினார்.

கேள்வி அவரோடு நிற்கவில்லை. அடுத்த முறை போன ஞாயிறு, கடைசி வரி வரை போக முடிந்த ஒவ்வொருவரும் அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தி அதையே கேட்டார்கள். “ஏம்மா ஏறல? குடைய மறந்துட்டாளா?” “குடதான் மேல் வரியில இருக்கே, நல்லாப் பாரு லா.” “அப்ப கூட்டமா இருந்திருக்கும்.” “யாரோ உள்ள உக்காந்திருந்திருப்பான், பாத்துட்டு நின்னுட்டா.” “நீ ஒரு ஆளு, எல்லாத்துலயும் எவனாவது உக்காந்திருக்கணும் உனக்கு.” கண் சோதனை முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. சுங்காய்க் கோயிலில் ஒரு வயதான அம்மா, கண்ணாடி வாங்கிப் போன பிறகும், நாங்கள் போகும்போதெல்லாம் மேசைக்கு வந்து என்னைக் கேட்பார்: “அந்தப் புள்ள பஸ் ஏறிட்டாளா?” இன்னும் இல்லை என்பேன். “வெயில்ல எவ்வளவு நேரந்தான் நிப்பா?” என்று முனகிக்கொண்டே கோயில் சோறு வாங்கப் போய்விடுவார்.

பவர் பார்த்துக் குறிப்பதில் நான் தவறியதில்லை. வில்லைகளை அவற்றின் குழிகளில் வரிசை மாறாமல் அடுக்குவேன். ஆனால் அந்த வேலையைப் பற்றிப் பேருந்தில் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்ததெல்லாம், சாலையில் குடையோடு நின்ற அந்தப் பெண்ணை. இல்லாத ஒருத்தி வெயிலில் நிற்கிறாளே என்று செம்பனைத் தோட்டத்தின் நடுவில் ஒரு வயதான அம்மா வருந்தினார். அந்த வருத்தம் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்தது.

அந்த வார இறுதியில் கண் சோதிக்க பாகான் டத்தோ பக்கம் போயிருந்தோம். திரும்பும்போது மழை. அக்கா சாலையோர இளநீர்க் கடையின் தகரக் கூரைக்குக் கீழே வேனை நிறுத்தினார். இரண்டு இளநீர் சொல்லிவிட்டு, “ரெண்டு நாளா மேச துடைக்கிற துணியில கண்ணாடியத் துடைக்கிற. என்ன விசயம்?” என்றார். சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு வாக்கியம்கூட ஆகவில்லை.

“மொதலாளிக்குத் தெரியுமா?”

“இல்லக்கா.”

“வீட்ல?”

“இல்ல.”

“எங்கிட்டதான் மொதல்ல சொல்றியா? நல்ல ஆளாப் பாத்துப் புடிச்ச போ.”

இளநீரைக் குடிக்காமல் உறிஞ்சுகுழலால் கலக்கிக்கொண்டே இருந்தார். தகரத்தில் மழை இரைந்தது. நான் கண்ணாடிப் படிப்புக்குப் போகாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் இல்லை; ஆள் இல்லாவிட்டால் அவருக்குச் சுங்காய் இல்லை. இருவருக்கும் தெரிந்த கணக்கு அது. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சோதனை அறையில் பேசும் அதே குரலில், “நேராப் பாரு. காலேஜு, நம்ம கடை, என் நாக்காலி, இது ஒண்ணு. புத்தகம், அதுக்கப்புறம் என்ன வேலன்னே தெரியாது, இது ரெண்டு. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?” என்றார்.

“அக்கா, உங்க கடை…”

“நான் அட்டையில இல்ல. அட்டைய மட்டும் படி.”

பொய் சொல்லியிருக்கலாம். சோதனை நாற்காலியில் உட்காருபவர்களில் பாதிப் பேர் பொய்தான் சொல்கிறார்கள். எதிரே இருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதையே தெளிவு என்கிறார்கள். “ஒண்ணுதாங்கா தெளிவா இருக்கு,” என்றேன். “ரெண்டு மங்கலாத்தான் தெரியுது. ஆனா அதத்தான் பாத்துக்கிட்டே இருக்கத் தோணுது.”

அக்கா உறிஞ்சுகுழலைக் கீழே வைத்தார். “இத்தன வருசத்துல ஒருத்தரும் எனக்கு இப்படி ஒரு பதில் சொன்னதில்ல லா,” என்றார். எழுந்து போய்க் கடைக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு, மழையிலேயே வேனை எடுத்தார்.

வீட்டில் அம்மா, “தமிழு படிக்கவா? அதான் உனக்குத் தமிழு தெரியுமே,” என்று அழுதார். அப்பா அந்த வாரம் முழுவதும் வீட்டில் லாரியைப் பற்றி மட்டுமே பேசினார். முதலாளி இரண்டு நாட்கள் முகம் கொடுக்கவில்லை; மூன்றாம் நாள், “எழுதுற புள்ளையக் கண்ணாடி தொடைக்க வச்சா அதுவும் பாவந்தான்,” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். இவையெல்லாம் காலப்போக்கில் ஆறிவிட்டன. எனக்கு ஆறாமல் நிற்பது வேறொன்று. நான் விலகுவதற்கு முன் கடைசியாகச் சுங்காய்க்குப் போன ஞாயிறு. பேருந்து நிலையம் வந்தது. எதிர்வரிசையில் மூடிய கதவு வந்தது. வேன் வேகம் குறையவில்லை. அக்கா சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து, “மழ வரும் போல இருக்கு,” என்றார். வானம் வெளுத்துக் கிடந்தது.

புறப்பட்ட நாளில் அறைக்குள் யாருக்கோ சோதனை நடந்துகொண்டிருந்தது. கதவருகே நின்றேன். அக்கா அட்டையை விலக்கிப் பிடித்தபடியே, “போய்ட்டு வா,” என்றார். நான் தலையசைத்தேன். பேசிப் பழகாதவர்களுக்கு இப்படித்தான் நடக்கிறது. சொல்ல வேண்டியவை ஊருக்கு வெளியே பேருந்து போனபிறகு வரிசையாக வந்து நிற்கும். முதல் விடுமுறையில் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அடுத்த விடுமுறையில் அவர் பாகான் டத்தோவுக்குப் போயிருந்தார். தீபாவளிக்கு இரண்டு பக்கமும் ஒரு வாழ்த்துச் செய்தி போகும், வரும். பிறகு அவருடைய எண் வேலை செய்யவில்லை.

வேலையை மாற்றிக்கொள்வது துணிச்சல் என்று எங்கள் வகுப்பில் பேசுகிறார்கள். மங்கலான ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருத்திக்கு அனுமதி கிடைப்பது, இன்னொருத்தி தன் தெளிவான ஒன்றைச் சற்றுத் தள்ளி வைப்பதால்தான் என்பது எனக்குத் தெரியும். படிப்பு எனக்கு இப்போது முன்பு போல் மங்கலாக இல்லை. வருந்தவும் இல்லை. ஆனால் ஒரு நல்ல வாக்கியம் கையில் வந்து விழும் நாட்களில், அதை முதலில் காட்ட வேண்டியவர் பக்கத்தில் இல்லை. “ஊகிச்சிடுவாங்க, வேணாம்,” என்று தள்ளிவிட யாருமில்லாமல் அது தாளில் அப்படியே கிடக்கிறது.

இந்த விடுமுறைக்கு வந்தபோது தலைவலி அதிகமாகியிருந்தது. நூலகத்தில் மதியத்துக்குமேல் எழுத்துகள் நிழலோடு தெரியத் தொடங்கியிருந்தன. காரணம் எனக்கே தெரியும். ஆனாலும் ஈப்போ வரும் வரை எந்தக் கடைக்கும் போகவில்லை. முதலாளிக்குத் தாடி முழுவதும் நரைத்துவிட்டது. “வா புள்ள, எழுத்துக்காரி!” என்று பழைய குரலிலேயே கூப்பிட்டார். அக்காவைப் பற்றி நான் கேட்கும் முன் அவரே சொன்னார். எனக்குப் பதிலாக ஒரு பெண் கிடைத்து, படித்து, தேறி வருவதற்குள் சுங்காய்க் கடையில் கைப்பேசி விற்க யாரோ வந்துவிட்டார்களாம். “அந்த எடம் போச்சு. வேற எடம் பாத்துத் தாரேன்னேன், கேக்கல. ஜொகூர்ல ஒரு கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. சின்னப் புள்ளைங்க கண்ணு மட்டும் பாக்குறாளாம். நல்லாத்தான் இருக்கா,” என்றார். கேட்டுக்கொண்டேன். நல்லாத்தான் இருக்கிறார்.

அறையில் அந்தப் புதிய பெண் இருந்தாள். என்னைவிட இளையவள். “உக்காருங்கக்கா,” என்றாள். எத்தனையோ பேரை உட்கார வைத்த நாற்காலியில் முதல் முறையாக நான் உட்கார்ந்தேன். வட்டச் சட்டம் மூக்கில் கனத்தது. தூரத்து எழுத்துகள் முடிந்ததும் அவள் அட்டையை எடுத்தாள். கயிறு அதே சிவப்பு. முடிச்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். நாற்காலி, நெத்திலி, சேவல், குடை. வரிகள் கீழே போகப்போக எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. என் வாய் மட்டும் தடுமாறவில்லை.

“பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை,” என்று முடித்தேன்.

அவள் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “கடைசி வரி அப்படி இல்லையேக்கா.”

“அப்படித்தான் இருக்கும்.”

“இல்ல. நீங்க பாக்காமலே சொல்றீங்க,” என்று சிரித்தாள். “முன்னாடி இருந்த அக்கா போறதுக்கு முந்தி புதுசா அடிச்சுக் குடுத்த அட்ட இது. இருங்க.” ஒரு வில்லையைச் சட்டத்தில் இறக்கி மெல்லச் சுழற்றினாள். எழுத்துகள் தம் நிழல்களை விட்டு விலகி, ஒவ்வொன்றாக, தனித்தனியாக நின்றன.

பேருந்து வந்தது, அவள் ஏறிவிட்டாள்.

“இப்பத் தெளிவா இருக்கா?” என்று கேட்டாள் அந்தப் பெண். பதில் சொல்வதற்குள் அந்த வரி மறுபடியும் கலங்கிவிட்டது.

“தெரியல,” என்றேன்.

“பரவால்லக்கா,” என்றாள், கயிறு தளராமல் அட்டையைப் பிடித்தபடி. “இது பரீட்சை இல்ல.”